பல்லாண்டு நிற்கும் பூச்செடிகளைப் பூச்சிகளிடமிருந்து காப்பது எப்படி?

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் வேலைக்குச் சென்று வரும் குடும்பங்கள், வீட்டை ஒட்டிக் கிடக்கும் ஒரு சென்ட், இரண்டு சென்ட் இடத்தில் சில செடிகளை வளர்ப்பதுண்டு. குண்டுமல்லி ஒரு வரிசை, செம்பருத்தி இரண்டு, வேலி ஓரமாக அரளி, தண்ணீர்த் தொட்டி அருகே கறிவேப்பிலை, மூலையில் ஒரு முருங்கை என்று தோட்டம் அமைந்திருக்கும். இவை கத்தரி, வெண்டையைப் போல நான்கு மாதத்தில் முடிந்துவிடும் பயிர்கள் அல்ல. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நின்று பலன் தருபவை.

ஆனால் இச்செடிகளை வளர்ப்போரிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "வைத்து இரண்டு வருஷம் நன்றாகப் பூத்தது, மூன்றாம் வருஷம் பூச்சி விழுந்து பாழாகிவிட்டது, பிடுங்கிப் போட்டுவிட்டோம்" என்பதே அது. குண்டுமல்லி நட்ட ஆறாம் மாதத்திலேயே பூக்கத் தொடங்கினாலும், மூன்றாம் ஆண்டிலிருந்துதான் முழு மகசூலுக்கு வரும். நன்கு பராமரித்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை பூக்கும். மூன்றாம் ஆண்டில் செடியைப் பிடுங்குவது, பால் கறக்கத் தொடங்கும் வேளையில் மாட்டை விற்பதற்கு ஒப்பாகும். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த செடி இது. வானம் பார்த்த இந்த வட்டாரத்தில் அந்தத் தண்ணீரின் அருமையை எல்லோரும் அறிவர்.

பூச்சியைக் கண்டு செடியைக் கைவிட வேண்டியதில்லை. அதற்காக வாரந்தோறும் விஷ மருந்து அடிக்கவும் வேண்டியதில்லை. பல்லாண்டுச் செடியின் இயல்பையும், எந்தப் பூச்சி எந்த மாதத்தில் வரும் என்பதையும் அறிந்து நடந்தால் போதுமானது.

குறும்பயிருக்கும் நெடும்பயிருக்கும் உள்ள வேறுபாடு

குறும்பயிரை அறுவடை செய்து நிலத்தை உழுதுவிட்டால் பூச்சிக்கு வீடும் உணவும் இல்லாமல் போகும். பல்லாண்டுச் செடியில் அப்படி நடப்பதில்லை. பட்டை இடுக்கிலும், தூரிலும், உதிர்ந்த சருகிலும், செடியடி மண்ணிலும் பூச்சி ஆண்டு முழுவதும் தங்கி இருக்கும். ஒருமுறை மருந்தடித்து அடியோடு ஒழித்துவிட்டதாக நினைப்பது தவறு.

இதில் நன்மை ஒன்றும் உண்டு. பூச்சி தங்கியிருப்பதைப் போலவே, அதைத் தின்னும் பொறிவண்டு, சிலந்தி, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு குளவிகள் ஆகியவையும் அதே செடியில் தங்கிப் பெருகும். கண்டபடி விஷ மருந்து அடித்தால் முதலில் மடிபவை இந்த நண்பர்களே. பகைப்பூச்சி இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிடும். நண்பர்கள் திரும்ப மாதக் கணக்காகும். ஆகவே பூச்சியை அடியோடு ஒழிப்பதை விட, அது செடியை வெல்லாதபடி அடக்கி வைப்பதே நெடும்பயிரில் கைக்கொள்ள வேண்டிய வழி.

ஒரு சென்ட்டில் 25 குத்து

குண்டுமல்லியை நான்கு அடிக்கு நான்கு அடி இடைவெளியில் நட வேண்டும். இக்கணக்கில் ஒரு சென்ட் இடத்தில் சுமார் 25 குத்துச் செடிகள் அடங்கும். நெருக்கி நட்டால் காற்றோட்டம் குறைந்து பூச்சிக்கு நிழலும் ஒதுக்கிடமும் கிடைக்கும். கை விட்டுப் பூப்பறிக்கவும் இயலாது.

மல்லிகைக்கு வடிகால் உள்ள செம்மண் சிறந்தது. கனத்த கரிசலில் தழை மிகுந்து பூ குறையும். மழைக்காலத்தில் நீர் தேங்கி வேர் அழுகும். கரிசல் நிலம் உடையவர்கள் ஒன்றரை அடிக் குழி எடுத்து, அதில் செம்மண்ணும் மணலும், செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்பி, தரைமட்டத்துக்குச் சற்று மேடாக நடுவது நலம். ஆனி முதல் கார்த்திகை வரை நடலாம். வேர்விட்ட குச்சியை வாங்கும்போது இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளை மாவு போன்ற பூச்சி ஒன்றிரண்டு இருந்தாலும் அந்தக் கன்று வேண்டாம். புதிய தோட்டத்துக்குப் பூச்சி பெரும்பாலும் கன்றோடுதான் வந்து சேருகிறது.

கவாத்தே முதல் மருந்து

மல்லிகைக்குக் கவாத்து செய்யும் காலம் நவம்பர் கடைசி வாரம் முதல் டிசம்பர் வரை, அதாவது கார்த்திகையின் பிற்பாதியும் மார்கழியும் ஆகும். தீபாவளி முடிந்து ஆலை வேலை குறைந்திருக்கும் நாட்களை ஒட்டியே இது வருவதால், நாரணாபுரத்துக் குடும்பங்களுக்கு இது வசதியான காலம்.

தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடிக்குச் சற்று மேல் உயரம் விட்டு, குத்து முழுவதையும் கூர்மையான கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டும். காய்ந்த குச்சி, நோய் கண்ட குச்சி, உள்நோக்கி வளர்ந்த குச்சி அனைத்தையும் நீக்க வேண்டும். இவ்வாறு செய்தால் முட்டையும் புழுவுமாக ஒளிந்திருக்கும் பூச்சிகளில் பெரும்பகுதி குச்சியோடு தோட்டத்தை விட்டு வெளியேறிவிடும். பிறகு செடியடி மண்ணை மூன்று அங்குல ஆழம் கொத்திவிட்டால், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருப்பவை வெயிலுக்கும் காக்கை, மைனாவுக்கும் இரையாகும்.

வெட்டிய குச்சிகளைக் குவித்துத் தீ வைப்பது பல ஊர்களில் வழக்கம். ஆனால் பட்டாசு வேலை நடக்கும் ஊரில் அது கூடவே கூடாது. பூச்சி உள்ள கழிவைப் பிளாஸ்டிக் சாக்கில் போட்டு வாய்க் கட்டி, நல்ல வெயிலில் ஒரு வாரம் போட்டுவைத்தால் உள்ளிருக்கும் பூச்சி வெந்து மடியும். பிறகு அதை எருக்குழியில் கொட்டி, மேலே மண் மூடிவிடலாம். அடுத்த ஆண்டுக்கு உரமும் ஆகும்.

கவாத்து முடிந்ததும் உரமிட வேண்டும். செடி ஒன்றுக்கு ஓர் ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து தேவை. இதைக் கவாத்துக்குப் பின் ஒருமுறையும், ஆனி ஆடியில் ஒருமுறையுமாகப் பிரித்து இட வேண்டும். ஒவ்வொரு முறையும் செடிக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் என்ற அளவு போதும். செடி செழிக்கட்டும் என்று யூரியாவைக் கூட்டிப் போட்டால் தளிர் மென்மையாகி, சாறு உறிஞ்சும் பூச்சிகள் வந்து சேரும்.

பூப்பறிக்கும் நேரமே காவல் நேரம்

கவாத்து செய்த செடி மாசி, பங்குனியில் பூக்கத் தொடங்கும். பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் என்று கோயில் திருவிழாக்கள் வரும் காலம் அது. திருமணங்களுக்கும் பூ தேவைப்படும். மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை வட்டாரம் மல்லிகைக்குப் பேர் போனது.

முற்றிய மொட்டைப் பொழுது விடியும் முன்பே பறிப்பது வழக்கம். ஆலைக்குப் புறப்படும் முன் பெண்கள் பறிக்கும் இந்த அரைமணி நேரமே பூச்சியைக் கண்டுபிடிக்க ஏற்ற நேரமாகும். பூக்கூடையோடு ஒரு சிறு டப்பாவில் சோப்புத் தண்ணீரும் எடுத்துச் செல்ல வேண்டும். பழுதான மொட்டு எதையும் செடியில் விடாமலும், தரையில் உதிர்க்காமலும் அந்த டப்பாவில் போட வேண்டும்.

பழுதான மொட்டுகள் இரண்டு வகைப்படும். மொட்டில் சிறு துளையும், அருகருகே உள்ள மொட்டுகளைப் பிணைக்கும் நூலும் காணப்பட்டால் அது மொட்டுப்புழுவின் வேலை. கருந்தலையும் பச்சை உடலும் கொண்ட இப்புழு உள்ளே புகுந்து இதழ்களைத் தின்னும். ஒரு மொட்டை முடித்து அடுத்த மொட்டுக்குச் செல்வதால், ஒரு புழுவை எடுத்தால் பல மொட்டுகள் தப்பும்.

இரண்டாவது வகையில் துளை இராது. மொட்டின் அடிப்பாகம் வீங்கி, வெண்மை மாறி ஊதா நிறமாகிக் காய்ந்துவிடும். இது மொட்டு ஈயின் வேலை. கொசுவை விடச் சிறிய இந்த ஈ மொட்டில் முட்டையிடும். புழு உள்ளே வளர்ந்து, பின் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். எனவே செடிக்கு மேலே எவ்வளவு மருந்து அடித்தாலும் மண்ணில் கிடப்பது சாகாது. ஊதா மொட்டுகளைப் பொறுக்குவதும், செடியடியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை லேசாகக் கொத்தி, வேப்பம் புண்ணாக்கைத் தூவிக் கிளறிவிடுவதுமே இதற்குச் சரியான மருந்து.

மாவுப்பூச்சியும் எறும்பும்

செம்பருத்தியின் தளிர்கள் சுருண்டு, வெள்ளை மாவு படிந்தது போல் தோன்றினால் அது மாவுப்பூச்சி. பூச்சியின் உடல்மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் உள்ளே இறங்காது. ஆகவே பலர் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவர், பூச்சி குறைந்திராது.

முதலில் எறும்பைக் கவனிக்க வேண்டும். மாவுப்பூச்சி இனிப்பான கழிவை வெளியிடும். அதற்காக எறும்புகள் அதைப் பாதுகாத்து, ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குச் சுமந்தும் செல்லும். பொறிவண்டையும் குளவியையும் அண்டவிடாமல் விரட்டும். செடியின் தண்டில் எறும்பு ஏறும் வழியைத் துணி சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவி அடைத்தால் மாவுப்பூச்சியின் காவலர்கள் குறைவர். தண்டின்மேல் நேராகக் கிரீஸ் தடவக் கூடாது, பட்டை வெந்துவிடும். பக்கத்துக் கிளைகள் சுவரையும் வேலியையும் தொடாமல் வெட்டிவிடவும் வேண்டும்; இல்லாவிட்டால் எறும்பு அவ்வழியே ஏறும்.

பூச்சி கண்ட நுனிகளை ஒரு சாண் நீளம் வெட்டி, சோப்புத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். எஞ்சியிருப்பதைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவலாம்.

இவ்விஷயத்தில் தமிழ்நாடு கண்ட பாடம் ஒன்று நினைவில் கொள்ளத்தக்கது. 2008ஆம் ஆண்டில் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி என்ற புதுப் பூச்சி தோன்றியது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இப்பூச்சி, பப்பாளி மட்டுமன்றி மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பல செடிகளிலும் பரவியது. விவசாயிகள் மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. பின்னர் 2010ஆம் ஆண்டில், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகள் இந்தியாவுக்குத் தருவிக்கப்பட்டு, சோதனைக்குப் பின் விடப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழித்துப் பெருகியது. மருந்தால் முடியாததைக் கடுகினும் சிறிய குளவி செய்து முடித்தது. அக்குளவிகள் நிலைகொண்ட தோட்டங்களில் மருந்தடிப்பதை நிறுத்தியதே வெற்றிக்கு முக்கியக் காரணமாகும்.

எனவே மாவுப்பூச்சிகளுக்கிடையே உப்பிப் பழுப்பு நிறமாகிப்போன உடல்கள் தென்பட்டால், குளவி வந்துவிட்டது என்று பொருள். அக்கிளையை வெட்டக் கூடாது. மருந்தும் அடிக்கக் கூடாது. இன்னொரு நண்பனையும் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, பார்வைக்கு மாவுப்பூச்சியைப் போலவே வெண்மையாக இருக்கும். ஆனால் உருவில் பெரிது. உடலெங்கும் நீண்ட மெழுகு இழைகள் தொங்கும். தொட்டால் விரைவாக நகரும். பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணி இதை நசுக்கிவிடுவோர் பலர்.

கோடையில் செஞ்சிலந்தி

சித்திரை, வைகாசி வெயிலில் மல்லிகை இலைகள் வெளிறி, மேற்புறத்தில் மஞ்சள் புள்ளிகள் தோன்றிப் பழுப்பாகி உதிரும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பி, ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பார்க்க வேண்டும். மிளகாய்த் தூள் போன்ற சிவப்புப் புள்ளிகள் விழுந்து நகர்ந்தால் அது செஞ்சிலந்தி. மெல்லிய நூலாம்படையும் காணலாம்.

வெப்பமும் வறட்சியும் தூசியும் இதற்குப் பிரியமானவை. தண்ணீரே இதற்குப் பகை. வாரம் இருமுறை மாலை வேளையில் கைத்தெளிப்பானால் இலையின் அடிப்புறம் நனையும்படி வெறும் தண்ணீரைத் தெளித்தாலே பெரிதும் குறையும். பாத்திரம் கழுவிய சோப்புக் கழிவுநீர் இதற்கு ஆகாது. அரிசி கழுவிய தண்ணீரைச் செடியடியில் ஊற்றலாம். செடியடியில் சருகு மூடாக்கு இட்டால் ஊற்றிய நீர் அதிக நாள் நிற்கும். வாடாத செடியைச் செஞ்சிலந்தி எளிதில் வெல்வதில்லை.

இதற்கும் அடங்காவிட்டால், நனையும் கந்தகத்தூள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கந்தகம் என்ற பெயரைக் கேட்டதும், ஆலையில் பயன்படும் கந்தகத்தில் ஒரு பிடி கொண்டுவந்தால் என்ன என்று நினைக்கக் கூடாது. ஆலைக் கந்தகம் பயிருக்கென்று தயாரிக்கப்பட்டதன்று. தண்ணீரில் கரைந்து நில்லாது. அதில் வேறு மருந்துத் துகள் கலந்திருக்கவும் கூடும். கந்தகத்தோடு குளோரேட் உப்பு சேர்ந்தால் சிறு உராய்விலேயே வெடிக்கும். அக்கலவைக்கு இந்தியாவில் 1992 முதல் தடை உள்ளது அதனாலேயே. பூச்சிமருந்துக் கடையில் முத்திரையிட்ட பொட்டலமாக வாங்கிய பயிர்க் கந்தகத்தையே பயன்படுத்த வேண்டும். அதையும் தீப்பெட்டி, திரி, பட்டாசுச் சாமான்கள் இருக்கும் அறையில் வைக்காமல், குழந்தைகள் கைக்கு எட்டாத தனி இடத்தில் வைக்க வேண்டும். ஒரு செடியைக் காப்பாற்றப் போய் வீட்டை ஆபத்துக்கு உள்ளாக்கலாகாது.

மழைக்காலத்து நத்தை

ஐப்பசி, கார்த்திகை மழையில் இளங்கன்றுகளின் இலைகள் இரவோடு இரவாகக் கடிபட்டு, காலையில் பளபளக்கும் பசைத் தடம் காணப்பட்டால் அது நத்தையின் வேலை. பெரிய ஓடு உடைய ஆப்பிரிக்க நத்தை 1847ஆம் ஆண்டில் கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. வறண்ட காலத்தில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மண்ணில் உறங்கி, மழை வந்ததும் வெளிவரும். வெளியூரிலிருந்து வரும் மண், தொட்டிச் செடி ஆகியவற்றோடு இது வந்து சேரும்.

குளிர்நாட்டாரும் இத்தொல்லைக்கு விலக்கல்லர். ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் தோன்றிய ஹோஸ்டா என்ற அழகிய இலைச்செடியை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு நிழலில் வளர்க்கின்றனர். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மடிந்து, வசந்தத்தில் துளிர்க்கும் செடி அது. குளிர் இல்லாத விருதுநகர் மாவட்டத்துக்கு ஒத்துவராது. அதன் மென்மையான இலைகளை நத்தைகள் சல்லடையாகத் துளைத்துவிடும். அங்கேயும் அனுபவப்பட்டவர்கள் தடித்த இலை உள்ள ரகங்களைத் தேர்ந்து வைத்து, காலையில் மட்டும் நீர் ஊற்றி, இரவில் கைவிளக்கோடு சென்று நத்தைகளைப் பொறுக்குகின்றனர். எந்த நாடாயினும் பல்லாண்டுச் செடிக்குச் சொந்தக்காரரின் கண்ணும் கையுமே முதல் காவல்.

நாரணாபுரத்தில் இதற்குச் செலவில்லாத வழி உண்டு. நனைத்த சாக்கின் அடியில் பப்பாளி இலைகளை வைத்து, மாலையில் தோட்டத்தில் போட்டுவைத்தால் நத்தைகள் அதனடியில் கூடும். விடிந்ததும் பொறுக்கி உப்புக் கரைசலில் போட்டு, பின் ஆழக் குழியில் புதைக்க வேண்டும். நத்தையை வெறும் கையால் தொடக் கூடாது. மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் அதில் இருக்கக்கூடும். கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். செடியடியில் உப்பைக் கொட்டுவதும் தவறு, மண் கெட்டுவிடும்.

முருங்கைக்குத் தீப்பந்தம் வேண்டாம்

மழைக்குப் பின் முருங்கை மரத்தில் கம்பளிப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகத் தோன்றும். இரவில் இலையைத் தின்று, பகலில் அடிமரத்தில் திரளாக ஒட்டிக்கொண்டிருக்கும். தீப்பந்தம் கொளுத்தி அவற்றைப் பொசுக்குவது நெடுநாளைய வழக்கம். வேளாண் நூல்களிலும் அது கூறப்பட்டுள்ளது. மற்ற ஊர்களுக்கு அது பொருந்தலாம். காற்றில் பறக்கும் ஒரு பொறி எங்கே விழும் என்று சொல்ல முடியாத பட்டாசு வட்டாரத்துக்கு அது பொருந்தாது. காய வைத்த காகிதக் குழாய்களும் திரிகளும் அருகில் உள்ள இடத்தில் தீப்பந்தம் எடுப்பதை எக்காரணம் கொண்டும் தவிர்க்க வேண்டும்.

பகலில் அவை ஓரிடத்தில் திரண்டிருப்பதே வசதிதான். நீண்ட கழியில் பழந்துணியைக் கட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, மரத்திலிருந்து வழித்துக் கீழே சோப்புத் தண்ணீர் உள்ள அகன்ற பாத்திரத்தில் தள்ளலாம். மீன் எண்ணெய் சோப்பு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் கரைத்துத் திரளின்மேல் தெளித்தாலும் மடியும். புழுவின் ரோமம் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் ஏற்படுமாதலால், முழுக்கைச் சட்டை அணிந்து செய்ய வேண்டும். இலைகளில் கூட்டமாக இடப்பட்ட முட்டைகளைக் கண்டால் அந்த இலையோடு அகற்றிவிடுவது இன்னும் எளிது.

கறிவேப்பிலையும் அரளியும்

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போன்ற புழுவோ, பச்சை நிறப் பருத்த புழுவோ காணப்படும். இரண்டும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்களே. இளமையில் ஒரு நிறம், முதிர்ந்தபின் ஒரு நிறம். அன்றாடம் குழம்பில் போடும் இலை என்பதால் இதற்கு மருந்தடிப்பது தகாது. கையால் எடுத்துவிட்டால் போதும்.

அரளித் தளிரில் மஞ்சள் நிற அசுவினி கூட்டமாக மொய்க்கும். பார்வைக்கு அருவருப்பாக இருந்தாலும் வளர்ந்த அரளிச்செடிக்கு அதனால் பெரிய கேடு இல்லை. அந்த அசுவினியைத் தின்றே பொறிவண்டுகள் பெருகி, மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் காவலாகச் செல்லும். வேலி அரளியில் உள்ள அசுவினியை விட்டுவைப்பது, தோட்டக் காவலுக்குச் சோறு போடுவது போன்றது.

வெள்ளை ஈக்களைக் கவர மஞ்சள் நிறம் உதவும். அச்சகத்தில் கழித்த மஞ்சள் அட்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, விளக்கெண்ணெய் தடவி, செடி உயரத்துக்குக் குச்சியில் கட்டிவைத்தால் ஈக்கள் வந்து ஒட்டும். வாரம் ஒருமுறை துடைத்து மீண்டும் தடவ வேண்டும்.

பூச்சி இல்லாத மஞ்சள்

மல்லிகையின் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது பூச்சியும் அல்ல, நோயும் அல்ல; இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும் உப்புத் தண்ணீர் பாயும் தோட்டத்திலும் இது அடிக்கடி தோன்றும். அன்னபேதி உப்பை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை தெளிக்க வேண்டும். இதைப் பூச்சி என்று எண்ணி விஷ மருந்து அடித்தால் காசும் போகும், நல்ல பூச்சிகளும் போகும்.

வேப்பங்கொட்டைச் சாறு

பலவகைப் பூச்சிகளுக்கும் பொதுவான மருந்து வேப்பங்கொட்டைச் சாறு. ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழங்களைப் பொறுக்கி, சதை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். பூஞ்சணம் பிடித்த கொட்டை பயன்படாது. பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, சிறிது தண்ணீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். மறுநாள் பிழிந்து வடிகட்டி, 20 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, மொத்தம் பத்து லிட்டராக்கி மாலையில் தெளிக்கலாம். அன்றன்று தயாரித்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். 25 குத்துக்கு இந்த அளவு தாராளமாகப் போதும். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்தபின் பலனைப் பார்த்து முடிவு செய்யலாம்.

விஷ மருந்து கடைசி வழியே

இவ்வளவும் செய்தபின்னும் பாதிக்கு மேற்பட்ட மொட்டுகள் பழுதாகுமானால்தான் விஷ மருந்தைப் பற்றி நினைக்க வேண்டும். அப்போதும் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி அடிக்காமல், பழுதான கிளையோடு தோட்டக்கலை அலுவலரிடம் சென்று கேட்டறிவது நலம். பழைய பிரசுரங்களில் உள்ள மருந்துகளை அப்படியே பின்பற்றக் கூடாது. ஒரு காலத்தில் எல்லாப் பயிருக்கும் சிபாரிசு செய்யப்பட்ட எண்டோசல்பான் 2011ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

மல்லிகை தலையில் சூடும் பூ. குழந்தைகள் முகர்ந்து பார்க்கும் பூ. மருந்தடித்தால் டப்பாவில் குறித்துள்ள நாட்கள் கழியும்வரை பூவைப் பறித்துப் பயன்படுத்தக் கூடாது. கறிவேப்பிலை, முருங்கை பக்கத்தில் இருக்கும் சிறு தோட்டத்தில் விஷ மருந்தைத் தவிர்த்துவிடுவதே அறிவுடைமை.

மாதவாரியாகக் கவனிக்க வேண்டியவை

கார்த்திகை பிற்பாதி, மார்கழி: கவாத்து, மண்ணைக் கொத்துதல், முதல் உரம், கழிவைப் புதைத்தல்.

தை: புதுத் தளிரில் மாவுப்பூச்சி உண்டா என்று பார்த்தல், எறும்பு ஏறாமல் தடுத்தல்.

மாசி, பங்குனி: மொட்டுப்புழுவையும் ஊதா மொட்டையும் பூப்பறிக்கும்போதே பொறுக்குதல்.

சித்திரை, வைகாசி: செஞ்சிலந்திக்கு இலையடியில் நீர் தெளித்தல், சருகு மூடாக்கு.

ஆனி, ஆடி: இரண்டாம் உரம்; வேப்பங்கொட்டை சேகரித்தல்.

ஆவணி, புரட்டாசி: வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை, மழைக்கு முன் வடிகால் திருத்துதல்.

ஐப்பசி, கார்த்திகை முற்பாதி: நத்தை பொறுக்குதல், முருங்கையில் கம்பளிப்புழுவைக் கவனித்தல்.

நாரணாபுரத்துக்கு அண்மையில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்து, நாள்தோறும் இறைவனுக்கு மாலை தொடுத்தார் என்பது வரலாறு. நந்தவனம் நிலைப்பது அன்றாடம் சென்று பார்ப்பவர் ஒருவர் இருப்பதால்தான். ஒரு சென்ட் தோட்டத்துக்கும் இதுவே விதி. நாளொன்றுக்கு அரைமணி நேரக் கவனமும், ஆண்டுக்கு ஒரு கவாத்தும் இருந்தால், மூன்றாம் ஆண்டில் பிடுங்கி எறிய இருந்த செடி பத்தாம் ஆண்டிலும் பூக்கும். இவ்வாண்டு கார்த்திகையில் பழைய குத்துகளைப் பிடுங்க எண்ணியிருப்போர், ஒருமுறை கவாத்து செய்து பங்குனி வரை பொறுத்துப் பார்ப்பது நல்லது.